உள்தாழ்ப்பாள்

அந்த வீட்டுக் குளியலறைக் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் உண்டு, உள்பக்கம் கிடையாது. உள்பக்கம் இருந்தது எப்போதோ ஒரு மழைக்காலத்தில், கதவு ஊதிப்போய் இழுத்த இழுப்பில் கழன்று கையோடு வந்துவிட்டது. வந்ததை ஜன்னல் திட்டில் வைத்தார்கள். அது அங்கேயே துருப்பிடித்து, கரைந்த சோப்புத் துண்டுகளோடு ஒட்டிக்கொண்டு, பிறந்ததே அந்தத் திட்டில்தான் என்பதுபோல் கிடந்தது. வெளித் தாழ்ப்பாள் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டது. காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருந்தால் போதாதா என்பது வீட்டுக்காரரின் தீர்ப்பு.

வீட்டுக்காரரை அந்தத் தெருவில் 'நித்தியம்' என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. கல்லறைக் கல் வெட்டுவது அவர் தொழில். வீட்டு முற்றம்தான் பட்டறை. பகலெல்லாம் இறந்தவர்களின் பெயரைச் செதுக்கிச் செதுக்கி, இந்த உலகத்தில் எதற்கும் அலட்டிக்கொள்ளத் தேவையில்லை என்ற முடிவுக்கு அவர் வந்து வெகுகாலம் ஆகிறது. குழாய் ஒழுகுகிறது என்றால், "நித்தியத்தோட வச்சுப் பாத்தா இது எம்மாத்திரம்?" என்பார். படிக்கட்டு விளக்கு எரியவில்லை என்றாலும் அதே பதில். பக்கத்து வீட்டுக்காரன் குப்பையைக் கொண்டுவந்து இவர்கள் வாசலில் கொட்டினாலும் அதே பதில். கேலிக்குத்தான் அந்தப் பெயரை வைத்தார்கள். அவர் அதைப் பட்டம் கொடுத்ததாக எடுத்துக்கொண்டார்.

அவர் மனைவிக்கும் ஒரு பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரித் துணி அறையில் அவளுக்கு வேலை. நோயாளிகளுக்கு மாட்டிவிடுகிற அங்கி இருக்கிறதே, முதுகுப்பக்கம் முழுக்கத் திறந்து நாடாவால் கட்டுவது, சலவைக்குப் போய் வரும்போதெல்லாம் அதில் நாடா அறுந்து வரும். அறுந்ததைத் தைத்து வைப்பது அவள் பொறுப்பு. அதனால் எல்லாருக்கும் அவள் நாடாக்கா. ஒற்றைத் தையல் போதும் என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். அவள் இரட்டைத் தையல்தான் போடுவாள். நூல் வீணாகிறது என்று அவர் முணுமுணுத்தபோது, "முதுகைத் திறந்து போட்டுக்கிட்டு நாலு பேர் பாக்க நடந்திருக்கீங்களா சார்? நான் பிரசவத்துக்கு வந்தப்ப நடந்திருக்கேன்" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவர் நூலைப் பற்றிப் பேசவில்லை. கோபம் அவளுக்கு மூக்கு நுனியில் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த மூக்கு நுனியில் வந்து உட்கார யாராவது ஒரு காரணத்தைக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

இவர்களுக்கு ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். பட்டறையை ஒட்டியே குளியலறை என்பதால், கல் கேட்டு வருகிறவர்கள், கல் இறக்க வருகிற லாரிக்காரர்கள், சபைக்காரர்கள், எல்லாருமே கைகால் கழுவ அந்தக் கதவைத்தான் திறப்பார்கள். வெட்கம் என்றால் என்ன என்று தெரிந்த நாளிலிருந்து அந்தப் பெண் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். உள்ளே போனதும் பாட ஆரம்பிப்பாள். ஞானப்பாட்டு, கீர்த்தனை, ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் கற்றது, எது வாயில் வருகிறதோ அது. பாட்டுதான் அவளுக்குத் தாழ்ப்பாள். பாட்டு கேட்டால் உள்ளே ஆள் இருக்கிறது. முற்றத்தில் நிற்பவர்கள் காத்திருப்பார்கள். பாட்டு நின்றால் கதவு திறந்துவிடும் என்ற பயத்தில் மூச்சு வாங்கக்கூட இடைவெளி விடமாட்டாள். தலைக்கு ஊற்றும்போது வாய்க்குள் நுரை போகும். துப்பிவிட்டு அடுத்த அடியைப் பிடிப்பாள். சபைப் பாடகர் குழுவில் அவளுக்கு இருந்த நீண்ட மூச்சைப் பார்த்து எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். எங்கே பயிற்சி என்று கேட்டால் அவள் என்ன சொல்லுவாள்?

அப்பாவுக்கு அதில் பெருமை தாங்கவில்லை. சபையில் சாட்சி சொல்ல எழுந்து நின்றால் இதைச் சொல்லாமல் உட்காரமாட்டார். "எங்க வீட்டுல பிள்ளை குளிக்கும்போதும் துதிதான். எந்தக் கவலையும் அவளை அண்டாது. நித்தியத்தை அறிஞ்ச பிள்ளை" என்பார். சபை அல்லேலூயா சொல்லும். போதகர் தலையாட்டுவார். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நாடாக்கா வேதப்புத்தகத்தைப் படாரென்று மூடுவாள்.

ஏன் அவளே ஒரு தாழ்ப்பாள் போட்டிருக்கக் கூடாது என்று கேட்கலாம். போடாமலா இருந்தாள்? முதலில் ஒரு ஆணியை அடித்து, கெட்டி நாடாவில் வளையம் தைத்து மாட்டினாள். நிலைச்சட்டம் இற்றுப்போயிருந்ததால் ஆணி நிற்கவில்லை. நாடா ஈரத்தில் மக்கிப்போனது. பிறகு தச்சரை அழைத்துவந்தாள். அவர் கதவைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நித்தியம் பட்டறையிலிருந்து வந்து, "உளி பிடிக்கிறவன் வீட்டுல இன்னொருத்தர் எதுக்குங்க? நானே போட்டுக்கறேன்" என்று தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார். தானும் செய்வதில்லை, செய்ய வந்தவரையும் விடுவதில்லை. இப்படி ஒரு மனுஷரோடு வாழ்ந்து பார்த்தால்தான் அந்த எரிச்சல் புரியும்.

ஒரு வாரம் மகளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. காற்று வருகிறது, குரல் வரவில்லை. அம்மா வேலைக்குப் போயிருந்தாள். மகள் பள்ளியிலிருந்து வந்து குளிக்கப் போனாள். பாட முடியாததால் குவளையை வாளி விளிம்பில் தட்டித் தட்டிச் சத்தம் எழுப்பினாள். முற்றத்தில் கல்லறுக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் குவளை யாருக்குக் கேட்கும்? தன் தகப்பனாருக்குக் கல் சொல்ல வந்த ஒருவர், கையில் பட்ட தூசியைக் கழுவலாம் என்று நேராக வந்து கதவைத் திறந்தார்.

அவர் கெட்டவர் இல்லை. பதறிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு, மன்னிப்பு மன்னிப்பு என்று சொல்லிக்கொண்டே வாசலைப் பார்த்து ஓடினார். மறுபடி வரவே இல்லை. கல்லை வேறு யாரிடமோ சொல்லிவிட்டாராம். நித்தியம் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கதவருகே வந்து நின்று, வெளியிலிருந்தே ஆறுதல் சொன்னார்.

"ஒரு நொடிதானேம்மா. நல்ல மனுஷர்தான். நித்தியத்தோட வச்சுப் பாத்தா இது எம்மாத்திரம்? வெளிய வா."

அவள் வரவில்லை. நாடாக்கா வேலை முடிந்து வந்தபோது பெண் மூலையில் குந்தி, ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஒரு காலைக் கதவுக்கு முட்டுக்கொடுத்தபடி உட்கார்ந்திருந்தாள். பல் கிட்டித்துப்போயிருந்தது. கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அதுதான் தாயைப் பயமுறுத்தியது. அழுகிற பெண்ணை அணைத்துக்கொள்ளலாம். அழாமல் முறைக்கிற பெண்ணை என்ன செய்வது?

தொண்டை சரியானது. பாட்டு வரவில்லை. இருட்டிய பிறகு அம்மா கதவுக்கு வெளியே காவல் நின்றால்தான் குளித்தாள். ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் நிற்காமல் பின்வரிசையில் உட்கார்ந்து, எல்லாரும் பாடும்போது உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். மறுநாள் அப்பா முன்னால் வந்து நின்று சொன்னாள்.

"நான் சித்தி வீட்டுக்குப் போறேன். மீதி வருஷம் அங்கேயே படிச்சுக்கறேன். சித்திகிட்ட பேசிட்டேன். சனிக்கிழமை பஸ்."

"என்னம்மா திடீர்னு?"

"அங்க பாத்ரூம்ல தாழ்ப்பாள் இருக்கு."

நித்தியம் சிரித்தார். அதுதான் அவர் செய்த தவறு. "ஒரு தாழ்ப்பாளுக்காக யாராவது பெத்தவங்களை விட்டுப் போவாங்களா? எல்லாமே கொஞ்ச காலத்துக்கு இருக்கற கூடாரம்தானேம்மா, இதுல தாழ்ப்பாள் என்ன, ஓட்டை என்ன?"

மகள் உள்ளே போய்ப் பையை எடுத்து, துணிகளை மடித்து அடுக்க ஆரம்பித்தாள். நாடாக்காவுக்கு மகளைத் தெரியும். தன் வயிற்றில் பிறந்தவள். தன்னைப் போலவே ஒரு முறை முகத்தைத் திருப்பினால் திருப்பியதுதான். விடுமுறைக்கு வந்து போவாள், விருந்தாளி மாதிரி உட்கார்ந்து தேநீர் குடிப்பாள், குளிக்காமல் கிளம்பிவிடுவாள். பிறகு அந்த வருகையும் நிற்கும். இந்தப் பெண்ணை இழக்கப்போகிறோம் என்று நாடாக்காவுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கூடவே, அது எதனால் என்பது இன்னும் புரியாமல் ஒரு மனுஷர் முற்றத்தில் விசில் அடித்துக்கொண்டிருக்கிறார் என்பதும் தெரிந்தது.

அன்று முதல் அவள் கணவனோடு பேசுவதை நிறுத்தினாள். தட்டை வைப்பாள், 'ணங்' என்று வைப்பாள், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு மத்தியானமே வேலை முடிந்துவிட்டது. முற்றத்துக்குள் நுழைந்தபோது நித்தியம் ஒரு கல்லை மல்லாத்திப் போட்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்து, அடிப்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கையால் தடவிப் பார்ப்பார், தலையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்ப்பார், மறுபடி தேய்ப்பார். பால் குடிக்கும் பிள்ளையின் கன்னத்தைத் துடைக்கிற பக்குவம். லாரிக்காரர் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அது மண்ணுக்குள்ள போற பக்கம்தானே? யார் பாக்கப்போறாங்க? எதுக்கு இந்த இழைப்பு?" என்று கேட்டார் லாரிக்காரர்.

"நித்தியமா நிக்கணும்ல தம்பி" என்றார் நித்தியம். "ஒரு சொரசொரப்பு இருந்தாக்கூட என் மனசு கேக்காது."

நாடாக்காவுக்குக் காது அடைத்துப்போனது. மனசு கேட்காதாம். இந்த மனசு எங்கே இருந்தது இத்தனை காலம்? கல்லின் அடிவயிற்றுக்கு இருக்கிற இரக்கம் பெற்ற பெண்ணுக்கு இல்லையே. கையில் இருந்த சாப்பாட்டு டப்பாவைத் தூக்கி அந்தக் கல்லின் மேல் போடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். போடவில்லை. உடைவது டப்பாவாகத்தான் இருக்கும்.

அந்த வீட்டில் சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம் உண்டு. பேச்சுவார்த்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது நடந்தே தீரும். முதலில் அப்பா, அடுத்து அம்மா, கடைசியில் மகள். ஒருவர் ஜெபிக்கும்போது மற்றவர் வாய் திறக்கக் கூடாது. முடித்ததும் எல்லாரும் ஆமென் சொல்லவேண்டும். இந்தச் சட்டத்தை வைத்தவர் நித்தியம்தான். சண்டை வந்து முகம் பார்க்காத நாட்களில் இது எப்படி உபயோகமாகும் என்று அவருக்கு அப்போது தெரியாது. "ஆண்டவரே, இந்த வீட்டுக் குழாயை ஒருத்தர் சரிபண்ண மாட்டேங்கிறார், நீர் அவர் இருதயத்தைத் திறந்தருளும்" என்று மனைவி ஜெபிப்பாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஆமென் சொல்லியாகவேண்டும். மறுநாள் அவர், "ஆண்டவரே, முறுமுறுக்கிற நாவுகளைக் கட்டும்" என்பார். அவள் ஆமென் சொல்லியாகவேண்டும். கர்த்தர் இருவர் வழக்கையும் கேட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருப்பார்.

அன்று மூவரும் முழங்காலில் நின்றார்கள். கதவோரம் மகளின் பை நிமிர்ந்து நின்றது, பல்லிளிக்காதபடி இறுக்கிக் கட்டப்பட்டு.

நித்தியம் தொடங்கினார். குரல் கனிந்திருந்தது.

"ஆண்டவரே, அற்பமான காரியங்களுக்காகக் கலங்குகிற உள்ளங்களுக்கு நித்தியத்தைக் காட்டும். கோபத்தினால் இருண்ட கண்களைத் திறந்தருளும். என் பிள்ளையின் வாயில் இருந்த துதியைத் திரும்பத் தாரும். அவள் இந்த வீட்டைத் துதியினால் நிரப்பினாள், ஆண்டவரே. அந்தப் பாட்டு இல்லாமல் இந்த வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. ஆமென்."

"ஆமென்" என்றாள் நாடாக்கா. துப்புவதுபோல் சொன்னாள். மகளின் உதடு அசைந்ததோ இல்லையோ, சத்தம் வரவில்லை.

அடுத்தது அவள் முறை. அவள் கண்ணை மூடவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஆண்டவரே, ஸ்தோத்திரம். இந்த வீட்டுல ஒரு மனுஷன் இருக்கார், உமக்கே தெரியும். உம்ம பேரைவிட அதிகமா நித்தியம் நித்தியம்னுதான் சொல்லிட்டிருக்கார். இன்னைக்கு மத்தியானம் அவர் கல்லுத் தேய்ச்சதை நானும் பாத்தேன், நீரும் பாத்தீர். மண்ணுக்குள்ள போற பக்கத்தைத் தேய்ச்சார். நித்தியமா நிக்கணுமாம். அந்தக் கல்லு நித்தியமா, ஆண்டவரே? நீர் வர்ற அன்னைக்கு வானமே நிக்காதுன்னு வாராவாரம் கேக்கறோமே, கல்லு நிக்குமா? அப்ப இந்த வீட்டுல நிக்கப்போறது எது? சுவர் இல்ல. கதவு இல்ல. அவரோட உளி இல்ல. இங்க முழங்கால் போட்டிருக்கற மூணு பேர்தான். நட்சத்திரம் எல்லாம் அவிஞ்சு போன பிறகும் என் பிள்ளை இருப்பா. என் பிள்ளைதான் நித்தியம். அந்த நித்தியத்தை மூலையில குந்த வச்சு நடுங்க விட்டுட்டு, பொடியாப் போகப்போற கல்லுக்கு இந்த ஆளு வழவழப்பு ஏத்திட்டிருக்கார்!"

நித்தியத்தின் முதுகு விறைத்தது. வாயைத் திறக்கப் போனார். சட்டம் நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார்.

"அன்னைக்கு அந்தத் தோட்டத்துல," அவள் குரல் இன்னும் ஏறியது, "நீர் உண்டாக்கின முதல் ரெண்டு பேரும் உம்ம பேச்சை மீறிட்டு வெக்கப்பட்டு ஒளிஞ்சு நின்னப்ப, நித்தியத்தோட வச்சுப் பாத்தா இது எம்மாத்திரம்னு நீர் சொன்னீரா? நீர் நித்தியத்துலயே இருக்கறவர். உமக்குச் சொல்ல உரிமை உண்டு. சொல்லலையே! கோபத்துலதான் இருந்தீர். வெளிய துரத்தத்தான் போறீர். அப்பக்கூட உடுப்புச் செஞ்சு, உடுத்திவிட்டுத்தானே அனுப்பினீர்? தப்புப் பண்ணினவங்களோட கூச்சமே உமக்கு அவ்வளவு பெரிசாத் தெரிஞ்சுதே. என் பிள்ளை என்ன தப்புப் பண்ணினா? ஆஸ்பத்திரியில நாள் பூரா நாடா தைக்கும்போது நான் உம்மைத்தான் நினைச்சுக்குவேன், முதல்ல தைச்சவர் நீர்தானேன்னு. உமக்குத் தெரிஞ்சது இந்தக் கல்வெட்டுறவருக்குத் தெரியலையே, ஆண்டவரே! உம்ம பேரைச் சொல்லிச் சொல்லியே தெரியாமப் போச்சே! நாளைக்குக் காலையில என் பிள்ளை போயிடுவா. போனா வரமாட்டா. அவரைக் கேளும். அவரை நீரே கேளும். ஆமென்."

நித்தியத்தின் ஆமென் வருவதற்கு நேரமானது. வந்தபோது பாதிதான் வந்தது.

மகளின் முறை. வழக்கமாக இரண்டு வரியில் முடித்துக்கொள்வாள். அன்று ஒன்றுமே சொல்லமாட்டாள் என்றுதான் அம்மா நினைத்தாள். ஆனால் அவள் பேசினாள். அப்பாவைப் போல் உருகவில்லை, அம்மாவைப் போல் கொதிக்கவில்லை. கடையில் சாமான் கேட்பதுபோல் சொன்னாள்.

"ஆண்டவரே, என்னை மன்னிச்சிடும். பாத்ரூம்ல நான் பாடினது எதுவும் உமக்காகப் பாடல. ஒரு பாட்டுகூட. யாரும் கதவைத் திறந்துடக் கூடாதுன்னு பாடினேன். சின்னப் பிள்ளையில இருந்து அப்படித்தான். அப்பா சபையில சொல்லும்போதெல்லாம் எனக்கு எழுந்து ஓடணும்போல இருக்கும். இப்ப சர்ச்சுல பாட்டு ஆரம்பிச்சாலே எனக்கு உடம்புல துணி இல்லாத மாதிரி இருக்கு. அதனாலதான் பாடல. உம்மேல கோபம் இல்ல. ஆமென்."

நாடாக்கா ஆமென் சொன்னாள். இதில் பாதி அவளுக்கே தெரியாது. கதவுக்காகப் பாடுகிறாள் என்பது தெரியும், பாட்டே பிள்ளைக்கு இப்படி ஆகிவிட்டது என்பது தெரியாது.

நித்தியம் ஆமென் சொல்லவில்லை. மூவரும் காத்திருந்தார்கள், அவரும் தன் வாய்க்காகக் காத்திருப்பதுபோல்தான் இருந்தது. அந்த வீட்டில் ஆமென் இல்லாமல் ஜெபம் முடிந்ததே கிடையாது. அவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முகம் கல்தூசி பூசியதுபோல் வெளுத்திருந்தது. செருப்பைத் தேடாமல் வெறுங்காலோடு வெளியே போனார்.

"எங்க போறார்?" என்றாள் மகள்.

"போகட்டும்" என்றாள் நாடாக்கா. பரிதாபப்பட அவள் தயாராக இல்லை.

தட்டு வைக்கும் முன்பே அவர் திரும்பிவிட்டார். தெருமுனை இரும்புக் கடையைச் சாத்துவதற்குள் பிடித்திருக்கிறார். கையில் ஒரு தாழ்ப்பாள். குளியலறைக்குப் போடுகிற சின்னச் சாமான் இல்லை. பெரிய வாசல் கதவுக்குப் போடுவது, முழங்கை நீளம். கடையில் இருந்ததிலேயே பெரியதைக் காட்டு என்று கேட்டாராம்.

"சிறைச்சாலையா கட்டப் போறீங்க?" என்றாள் நாடாக்கா. ஜெபத்துக்கு வெளியே அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அந்த வாரத்தில் அதுதான்.

அவர் உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனார். அவள் விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். அவர் கதவைச் சாத்தினார். வெளித் தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில், வெளிப்பக்கத்திலேயே, புதியதை வைத்து அளவு பார்த்தார்.

அவளுக்கு மறுபடி தலைக்கு ஏறியது. "என்ன பண்றீங்க?"

"எங்க போட்டா உறுதியா நிக்கும்னு..."

"உள்ள போங்க."

"என்ன?"

"உள்ள போங்கன்னா போங்க!"

போனார். அவள் கதவை இழுத்துச் சாத்தினாள். உள்ளே இருட்டு. அவர் கையை நீட்டி, பழைய தாழ்ப்பாள் இருந்த இடத்தைத் தடவுவது கேட்டது. அவர் அப்படித் தடவிக்கொண்டிருக்கும்போதே, ஒரு வார்த்தை சொல்லாமல், அவள் கதவைப் படாரென்று திறந்து விளக்கை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

வேட்டி சட்டையோடு நின்ற மனுஷர்தான். இருந்தும் துள்ளிச் சுவரோடு ஒட்டினார். ஒரு கை நெஞ்சுக்குப் போனது, இன்னொரு கை இடுப்புக்குப் போனது. கண் அகல விரிந்து, வாய் கோணி, யாரோ அடிக்க வந்ததுபோல் நின்றார். தான் எப்படி நிற்கிறோம் என்று அவருக்கே தெரிய ஒரு கணம் ஆனது. பிறகு கைகளைப் பார்த்தார். மெல்லக் கீழே இறக்கினார்.

"ஒரு நொடிதானே?" என்றாள் அவள்.

அவர் தலையைத் திருப்பி ஜன்னல் திட்டைப் பார்த்தார். துருப்பிடித்த பழைய தாழ்ப்பாளைப் பெயர்த்து எடுத்தார். ஒட்டிக்கொண்டிருந்த சோப்பு அவர் விரலில் வழுக்கியது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, உளியைக் கையில் எடுத்தார்.

வேலை சுலபமாக முடியவில்லை. மரத்தைக் கல் என்று நினைத்து முதல் அடி அடித்ததில் நிலைச்சட்டத்தில் ஒரு துண்டு பிளந்து விழுந்தது. "இது கல்லு இல்ல, மெதுவா" என்று அவள் கத்தினாள். இற்ற இடத்தை விட்டுக் கொஞ்சம் மேலே, நல்ல மரம் இருந்த இடத்தில் மறுபடி தொடங்கினார். ஸ்க்ரூ ஒன்று கோணலாக இறங்கியது. கழற்றி மறுபடி போட்டார். நெற்றி வியர்வை கண்ணில் இறங்க, துடைக்காமல் செய்தார். முடிந்ததும் மூட்டு மூட்டாகத் தடவிப் பார்த்தார். ஒரு சொரசொரப்பு இருந்தது. அரம் எடுத்துவந்து அதையும் தேய்த்தார். அவளுக்குக் கோபம் தீரவில்லை. ஒரு சாயங்காலத்தில் முடிகிற வேலைக்கு இத்தனை வருஷமா என்ற நினைப்பில் அது கூடத்தான் செய்தது.

மகள் முற்றத்தில் வந்து நின்றிருந்தாள். அப்பா விலகி வழிவிட்டார். அவளைப் பார்க்கவில்லை, விழுந்துகிடந்த மரத்தூளைப் பார்த்தார். அவள் உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போகிற சத்தம் கனமாகக் கேட்டது. ஒரு கணம் கழித்து விலக்குகிற சத்தம். மறுபடி போடுகிற சத்தம். பிறகு குழாய் திறந்தது.

நித்தியம் பாதி செதுக்கிய கற்களுக்கு நடுவே நின்றார். மகள் சின்னப் பிள்ளையாக இருந்த நாளிலிருந்து அந்தக் கதவுக்குப் பின்னால் தண்ணீர்ச் சத்தத்தோடு பாட்டுச் சத்தமும் கேட்டே பழகிய காது. அது தானாகவே பாட்டுக்குக் காத்திருந்தது. தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. குவளை வாளியில் இடித்தது. பாட்டு வரவில்லை. அந்தப் பிள்ளை எந்த அவசரமும் இல்லாமல், எந்தச் சத்தமும் போடாமல், நிதானமாகக் குளித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "துண்டு பைக்குள்ள இருக்கு. எடுத்துக் குடு."

நாடாக்கா உள்ளே போய்ப் பையின் கட்டை அவிழ்த்தாள். துண்டு அடியில் இருந்தது. மேலே இருந்த பாவாடை, சட்டை, புத்தகம், சீப்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கட்டிலில் பரப்பவேண்டியிருந்தது. துண்டை எடுத்துக்கொண்டாள். மற்றதைத் திருப்பி வைக்கவில்லை. வெறும் பையைச் சுருட்டிப் பரண் மேல் எறிந்தாள். நாளைக்குக் காலையில் மகள் அதை இறக்கச் சொன்னால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

அவள் துண்டோடு முற்றத்துக்கு வந்தபோது நித்தியம் குளியலறைக் கதவைப் பார்த்தபடி அங்கேயே நின்றிருந்தார். கை சட்டைப் பைக்குள் இருந்தது, பழைய தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு. கண்ணீர் மூக்கோரமாக இறங்கிக்கொண்டிருந்தது. உதடு அசைந்தது. மகளின் ஜெபத்துக்குச் சொல்லாமல் விட்ட ஆமெனை, தண்ணீர்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்காதபடி, இப்போதுதான் சொன்னார்.

நாடாக்காவுக்குக் கேட்டுவிட்டது.

"சத்தமாச் சொல்லுங்க" என்றாள். "அவளுக்குக் கேக்கணும்."